பாபடூக் படமும் எங்க வீட்டுப் பத்தாயமும்

மொத தடவ 'தி பாபடூக்' பாத்தப்ப பத்து நிமிஷம்கூடத் தாண்டல, லேப்டாப்ப மூடி வெச்சுட்டு வெளில வந்து திண்ணைல உக்காந்துட்டேன். அதுவரைக்கும் பேயே வரல. ஒரு சின்னப் பையன் நடுராத்திரில அம்மாவ எழுப்புறான், கட்டிலுக்கு அடியில பாருங்கிறான், அலமாரியத் தொறந்து பாருங்கிறான், அந்தம்மா பாதித் தூக்கத்துல எல்லாத்தையும் பாத்துட்டு அவனக் கூட்டிட்டு வந்து பக்கத்துல படுக்க வெக்கிறாங்க, அவன் பல்ல நறநறன்னு கடிச்சுக்கிட்டு கைகாலெல்லாம் அவங்க மேல போட்டு அமுக்கிக்கிட்டுத் தூங்குறான், அந்தம்மா மெதுவா அவன் கைய எடுத்து வெச்சுட்டு கட்டிலோட ஓரத்துக்கு நகந்து போயிடுறாங்க. அவ்ளோதான் சீன். அந்த நகந்து போறத என்னால தாங்க முடியல. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

மொதல்ல படத்தப் பத்தி சொல்லிடுறேன். 2014ல வந்த ஆஸ்திரேலியப் படம், டைரக்டர் ஜெனிஃபர் கென்ட், அவங்களோட மொதல் முழுநீளப் படம். இந்தக் கருவ வெச்சு 2005லயே 'மான்ஸ்டர்'னு ஒரு குறும்படம் எடுத்திருக்காங்க, அதுலேருந்து வளந்ததுதான் இது. அடிலெய்டுல எடுத்தாங்க, சுமார் 20 லட்சம் டாலர் பட்ஜெட்டு, அதுல செட்டு போடுறதுக்குன்னு 30 ஆயிரம் டாலர் ஆன்லைன்ல ஜனங்ககிட்ட கேட்டு வாங்கிருக்காங்க. 94 நிமிஷம்தான் ஓடுது. 'எக்ஸார்சிஸ்ட்' எடுத்த வில்லியம் ஃபிரீட்கினே இதவிட பயங்கரமான படம் பாத்ததில்லன்னு சொன்னாரு, அதக் கேட்டுட்டுப் போய் உக்காந்த நெறைய பேரு எங்கடா பயம்னு ஏமாந்து போயிட்டாங்க. கதவத் தொறந்தா டமார்னு மூஞ்சி வர்ற படம் இல்ல இது. இதுல இருக்கற பயம் சாவு விழுந்த வீட்டோட பயம். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்கல்லாம் பஸ் ஏறிப் போனப்புறம் வீட்டுக்குள்ள ஒண்ணு உக்காந்துக்கும் இல்லையா, அதான் இதுல வர்ற பேய்.

அமீலியான்னு ஒரு பொம்பள, முதியோர் இல்லத்துல வேல பாக்குறாங்க, அவங்களுக்கு சாமுவேல்னு ஒரு பையன், ஏழு வயசு ஆகப் போகுது. இவன் பொறக்குறதுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போற வழியில கார் ஆக்சிடெண்ட்ல புருஷன் செத்துப்போயிட்டாரு. அதனால பையனோட பொறந்த நாளும் அப்பா செத்த நாளும் ஒண்ணு. ஏழு வருஷமா அவனுக்கு அன்னைக்கு பொறந்த நாளே கொண்டாடுனது கிடையாது, சித்தி... இல்ல, பெரியம்மாவா தெரியல, அமீலியாவோட கூடப் பொறந்தவங்க பொண்ணு பொறந்த நாளோட சேத்து வேற ஒருநாள் வெச்சுருவாங்க. வீட்ல புருஷன் பேர யாரும் எடுக்கக் கூடாது. அவர் சாமானெல்லாம் கீழ நிலவறையில பூட்டிக் கெடக்கு. ஒருநாள் ராத்திரி பையனோட புத்தக அலமாரியில சிவப்பு அட்டை போட்ட ஒரு புத்தகம் இருக்கு, யார் வாங்குனதுன்னே தெரியல, தொறந்தா தொப்பியும் கருப்புக் கோட்டும் போட்ட ஒருத்தன் மடிப்புலேருந்து எந்திரிச்சு நிக்கிறான். அதான் பாபடூக். இந்தப் புத்தகம் அலெக்ஸாண்டர் யுஹாஸ்ங்கிற ஓவியர் கைவண்ணம், கரிக்கட்டையில கிறுக்குன மாதிரி இருக்கும், படத்துலயே ரொம்ப பயமான விஷயம் அந்தக் காகிதம்தான்.

இந்தப் படத்தப் பாத்தவங்க பாதிப் பேரு சொல்ற குறை, அந்தப் பையன் தாங்க முடியல, கத்திக்கிட்டே இருக்கான், ஒரு அறை விட்டா சரியாப் போயிருவான்னு. எனக்கு அதக் கேட்டாலே கோவம் வரும். ஏன்னா அந்தப் பையன் நான்.

எங்க ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. மேட்டூர்ல தண்ணி தொறந்து விட்டா எல்லா ஊரும் பாஞ்சு முடிஞ்சு கடைசியாதான் எங்களுக்கு வரும், அதுவும் முறை வெச்சு, ராத்திரில வந்தா ராத்திரில போய் மடைய மாத்தி விட்டுக்கணும். 1999 புரட்டாசில எங்கப்பா அப்படித்தான் மம்பட்டியும் டார்ச்சும் எடுத்துக்கிட்டுப் போனாரு. திரும்பி வந்து கால் கழுவிட்டு வரப்புல முள்ளு குத்திருச்சு போலன்னு சொல்லிட்டுப் படுத்தாரு. கட்டுவிரியன் கடிச்சா பெரும்பாலும் வலி தெரியாது, வீக்கமும் இருக்காது, அதனாலயே எங்க பக்கத்துல நெறைய பேரு தூங்கிப் போயிடுறாங்க. விடியக்காலம் அப்பாவால இமையத் தூக்க முடியல. நாக்கு கொழறுச்சு. வேன் புடிச்சு ஏத்துறதுக்குள்ள மூச்சு அடங்கிருச்சு.

எனக்கு ஏழு வயசு. பாம்பு கடிச்சதுன்னு எனக்கு யாரும் சொல்லல, தூங்கிக்கிட்டே சாமிகிட்ட போயிட்டாருன்னாங்க, அதனால எனக்குப் புரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, தூங்குனா இமை தொறக்காமப் போயிடும். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ராத்திரில மூணு நாலு தடவ எந்திரிச்சு அம்மாவோட இமைய வெரலால தூக்கிப் பாப்பேன். கருவிழி அசைஞ்சா திரும்பப் படுத்துக்குவேன். பள்ளிக்கூடத்துல யாரோ சிறியாநங்கை இருந்தா பாம்பு வராதுன்னு சொல்லிட்டாங்க, கொல்லையில இருந்த செடியெல்லாம் ஒடிச்சு அம்மா பாய்க்கு அடியில பரப்பி வெச்சேன். உண்டிவில்லும் நாலு கல்லும் தலைமாட்ல இருக்கும். அம்மா நாள் முழுக்க நாத்து நட்டுட்டு இடுப்பொடிஞ்சு வந்து படுப்பாங்க. ஒருநாள் இமையத் தூக்குனப்ப பொறுக்க முடியாம ஓங்கி ஒரு அறை விட்டுட்டு பாய இழுத்துக்கிட்டு சுவத்தோரமா நகந்து போயிட்டாங்க.

படத்துல சாமுவேல் அம்மாவக் காப்பாத்த குறுக்கு வில்லு செய்யிறான், முதுகுல மாட்டிக்கிற மாதிரி கல்லெறியிற மிஷின் செய்யிறான், அத ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போய் மாட்டிக்கிறான், எல்லாரும் புள்ளைக்கு மனநிலை சரியில்லங்கிறாங்க. நான் உன்னக் காப்பாத்துறேன், நீயும் என்னக் காப்பாத்தணும்னு அம்மாகிட்ட சத்தியம் கேக்குறான். அது அடம் கிடையாது. வீட்ல ஒரு ஆள் இருந்துட்டு இல்லாமப் போனா அடுத்த ஆளும் அப்படியே போயிருமோங்கிற பயத்த ஏழு வயசுல வேற எப்படிச் சொல்ல முடியும், கத்தித்தான் சொல்ல முடியும். காருக்குள்ள அவன் கத்துற சீன்ல எனக்குக் காது வலிச்சுச்சு, அந்த வலிய டைரக்டர் வேணும்னேதான் கொடுக்குறாங்க, அந்தம்மாவுக்கு ஏன் அவன் வாயப் பொத்தணும்னு தோணுதுன்னு நமக்கே தெரியணும்ல.

அதனாலதான் எசி டேவிஸ் நடிப்பு இவ்ளோ பெருசாத் தெரியுது. அமீலியா மொதல்ல பொறுமையின் எல்லையில நிக்கிற, யாருக்கும் கெடுதல் நெனைக்காத பொம்பள, குரலே எழும்பாது. தூக்கம் போகுது, பல்லு வலி வருது, வேலைக்குப் போக முடியல, சமையக்கட்டு சுவத்து ஓட்டையிலேருந்து கரப்பான் கொட்டுது, கொஞ்சம் கொஞ்சமா முகம் இறுகி, கடைசில பெத்த புள்ளைய அந்தம்மா பேசுற பேச்சு இருக்கே, சினிமாவுல ஒரு அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. நம்ம படங்கள்ல அம்மான்னா தியாகம்தான், கோயில்தான், அலுத்துப்போன அம்மாவ யாரும் காட்டுறதில்ல. புள்ளையா நடிச்ச நோவா வைஸ்மேனுக்கு அப்ப ஆறு வயசு. அந்தக் கொடூரமான வசனமெல்லாம் பேசுறப்ப அவன எதிர்ல நிக்க வெக்காம ஒரு பெரிய ஆள முட்டி போட வெச்சுதான் எடுத்தாங்களாம், அதத் தெரிஞ்சப்புறம்தான் எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

பேயோட உருவத்தப் பத்தி ஒண்ணு சொல்லணும். வெளிநாட்டுப் பேயி, தொப்பி, கோட்டு, நமக்கெல்லாம் இது ஒட்டாதுன்னு நெனச்சேன். ஆனா அது கதவத் தட்டுற சத்தமும், பாபா டூக் டூக் டூக்னு போன்ல வர்ற குரலும் கேட்டப்ப என் மனசுக்குள்ள வந்தவரு குடுகுடுப்பைக்காரர்தான். மார்கழி விடியக்காலத்துல சுடுகாட்டுப் பக்கத்துலேருந்து வர்றாருன்னு அப்பாயி சொல்லும், பழைய கோட்டு, தலப்பாகை, கையில அந்த உடுக்கை, நாய் ஒண்ணு குரைக்காது, வீட்டு வாசல்ல நின்னு உள்ள இருக்கறவங்களுக்கு என்ன நடக்கப் போகுதுன்னு சொல்லிட்டுப் போவாரு. பகல்ல அவரே வந்து ஒருபடி நெல்லு வாங்கிக்கிட்டு சிரிச்சுப் பேசிட்டுப் போவாரு, பாவம், ஏழை மனுஷன். ராத்திரிலதான் அவர் வேற. படத்துல வர்ற புத்தகமும் அதே வேலையத்தான் செய்யிது. அமீலியா அதக் கிழிச்சுப் போடுறாங்க, ஒட்டுப்போட்டு வாசலுக்கே திரும்பி வருது, புதுசா சேந்த பக்கத்துல நீ நாயக் கொல்லுவ, புள்ளையக் கொல்லுவ, அப்புறம் உன்ன நீயே அறுத்துக்குவன்னு படம் போட்டிருக்கு.

அந்தப் புத்தகத்த யார் எழுதுனதுன்னு படம் வாயத் தொறந்து சொல்லாது. ஆனா ஒரு பார்ட்டில பேச்சுவாக்குல அமீலியா முன்னாடி பத்திரிகைக்கு எழுதுனேன், குழந்தைங்களுக்கும் கொஞ்சம் எழுதிருக்கேன்னு சொல்றாங்க. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுக்கப் போறப்ப அவங்க வெரலெல்லாம் கரி. ரெண்டாவது தடவ பாக்குறப்பதான் இத கவனிச்சேன், அப்பவே முதுகுத்தண்டு சில்லிட்டுப் போச்சு. அதே ஸ்டேஷன்ல சுவத்துல கோட்டும் தொப்பியும் மாட்டியிருக்கும், பாபடூக் நிக்கிற மாதிரியே. ஆணியில தொங்குற ஒரு சட்டை எவ்ளோ பெரிய ஆளாத் தெரியும்னு அப்பா இல்லாத வீட்ல வளந்தவங்களுக்குத் தெரியும்.

குறையும் இருக்கு. கூடப் பொறந்தவங்களா வர்ற கேரக்டர அமீலியாவ ஒதுக்குறதுக்காகவே எழுதுன மாதிரி இருக்கு, அவங்க பக்கத்து நியாயத்துக்கு ஒரு நிமிஷம் கொடுத்திருக்கலாம். பேய் கூரையில ஊர்ந்து வந்து மேல விழுற சீன் எனக்குக் கம்மிதான், நிழலாவும் துணியாவும் இருக்கறப்ப இருந்த பயம் உருவம் முழுசாத் தெரிஞ்சதும் கொறஞ்சுபோச்சு. கடைசி இருவது நிமிஷம் சத்தமும் அதிகம். பக்கத்து வீட்டுப் பாட்டி, கை நடுங்குற வியாதியோட இருக்கறவங்க, அவங்க ஒருத்தர்தான் அமீலியாகிட்ட செத்தவரப் பத்திப் பேசத் தயங்காதவங்க, அவங்களுக்கு இன்னும் நாலு சீன் கொடுத்திருந்தா நல்லாருந்திருக்கும். ஒளிப்பதிவு ராடெக் வாட்சுக், வீடு முழுக்க நீலமும் சாம்பலும்தான், வெயில்ங்கிற ஒண்ணு அந்த வீட்டுக்குள்ள கடைசி சீன் வரைக்கும் நுழையாது. செல்ஃபோன்ல பாத்தீங்கன்னா இருட்டுல ஒண்ணும் தெரியாது, பெரிய ஸ்க்ரீன்ல, ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்க. புள்ளைங்களப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பாக்காதீங்க. நாய் வளக்குறவங்களுக்கு ஒரு சீன் ரொம்பக் கஷ்டமா இருக்கும்.

இனிமே சொல்லப்போறது கிளைமாக்ஸ், பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்குங்க.

நம்ம பேய்ப் படத்துல பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும், யாரோ அநியாயமாக் கொன்னுருப்பாங்க, பழி வாங்கி முடிச்சதும் போயிரும், இல்லன்னா மந்திரவாதி வந்து ஆணி அடிச்சு அனுப்பிருவாரு. இதுல பேய் போகாது. புத்தகத்துலயே போட்டிருக்கு, உன்னால அத ஒழிக்க முடியாதுன்னு. அமீலியா அது முன்னாடி நின்னு என் புள்ளையத் தொட்டா உன்னக் கொன்னுருவேன்னு அடிவயித்துலேருந்து கத்துறாங்க, அது சுருண்டு விழுந்து நிலவறைக்குள்ள ஓடி ஒளிஞ்சுக்குது. அதுக்கப்புறம் வர்ற சீன்தான் இந்தப் படத்த எனக்கு மறக்க முடியாத படமா ஆக்குச்சு. அம்மாவும் புள்ளையும் தோட்டத்துல மண்ணக் கிளறி மண்புழு பொறுக்குறாங்க. ஒரு கிண்ணத்துல போட்டு அந்தம்மா நிலவறைக்கு எடுத்துட்டுப் போறாங்க. அது உறுமிக்கிட்டு மேல பாயுது, அவங்க நடுங்கிப் போயி, அப்புறம் அழுற குழந்தைய அமத்துற மாதிரி ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லி அமைதிப்படுத்துறாங்க. கிண்ணத்த இருட்டுக்குள்ள இழுத்துக்குது. மேல வந்து புள்ளைக்குப் பொறந்த நாள் கொண்டாடுறாங்க, மொத தடவையா அந்தத் தேதியிலயே.

எங்க வீட்ல நிலவறை கிடையாது, பத்தாயம் இருந்துச்சு. கூடத்துல ஒரு ஆள் நிக்கிற உசரத்துக்குப் பலாமரப் பத்தாயம், தாத்தா காலத்துல நெல்லு நெறஞ்சு இருந்தது, எங்க காலத்துல காலி. காரியம் முடிஞ்ச அன்னைக்கு அம்மா அப்பாவோட சட்டை, மூணு பேட்டரி டார்ச், சேறு ஒட்டுன மம்பட்டி எல்லாத்தையும் அதுக்குள்ள போட்டுப் பூட்டுனாங்க. அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்த கிடையாது. வருஷா வருஷம் திதி கொடுப்போம், படையல்ல அவருக்குப் புடிச்ச விரால் கொழம்பு வெப்போம், ஆனா அவர் எப்படி இருந்தாரு, எப்படிச் சிரிப்பாரு, அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு, எதுவும் பேச மாட்டோம். நான் கேட்டா எந்திரிச்சு கொல்லைக்குப் போயிடுவாங்க. எனக்கு ராத்திரில பத்தாயத்துக்குள்ளேருந்து யாரோ டார்ச்ச ஆன் பண்ணி ஆஃப் பண்ற சத்தம் கேக்கும். எலியாத்தான் இருந்திருக்கும். பதினஞ்சு வயசு வரைக்கும் அது பக்கமாத் தலை வெச்சு நான் படுத்ததில்ல.

பத்தாயத்த நாங்களாத் தொறக்கல. 2018 நவம்பர் 16 விடியக்காலம் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையக் கடந்தப்ப எங்க வீட்டு ஓடு பாதி பறந்துபோச்சு, கொல்லையில இருந்த தென்னமரம் மொத்தமும் சாஞ்சுது, கூடத்துல தண்ணி. பத்தாயத்து மேல ஒரு உத்திரம் விழுந்து பலகை ஒடஞ்சிருச்சு. மறுநாள் எல்லாரும் அரிசிய, ரேஷன் கார்டக் காயவெச்சுக்கிட்டு இருந்தாங்க, எங்கம்மா 19 வருஷம் கழிச்சு அந்தச் சட்டையப் பிழிஞ்சு கொடியில போட்டாங்க. டார்ச்சுக்குள்ள பேட்டரி கசிஞ்சு துருவேறிக் கெடந்துச்சு. மம்பட்டியில அந்தச் சேறு காஞ்சு அப்படியே இருந்துச்சு. அப்பவும் ஒண்ணும் பேசல.

மூணாவது தடவ படத்த அம்மாவோடதான் பாத்தேன், போன மாசம். முழுப் படமும் போடல, அவங்களுக்கு பிரஷர் இருக்கு. கதையச் சொல்லிட்டு கடைசிப் பதினஞ்சு நிமிஷத்த மட்டும் போட்டு, பக்கத்துல உக்காந்து தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தேன். கிண்ணத்த எடுத்துட்டு அந்தம்மா படியில எறங்கறப்ப அம்மா நிமிந்து உக்காந்தாங்க.

"என்ன தம்பி அது கிண்ணத்துல?"

"மண்புழும்மா. அதுக்குச் சாப்பாடு."

"தெனமும் கொண்டு போய் வெக்கிறாளா?"

"தெனமுந்தான்."

"நான் வருஷத்துக்கு ஒருதடவதானய்யா வெச்சேன்" அப்படின்னாங்க.

படம் ஓடிக்கிட்டே இருந்துச்சு. பொறந்த நாள் கேக்கு வந்துச்சு, அந்தப் பையன் தட்டுல வெள்ளப்புறா வர வெச்சு மேஜிக் காட்டுனான். அம்மா அதப் பாக்கல. உங்கப்பா முள்ளு குத்திருச்சுன்னு என்கிட்டதான் சொன்னாரு, விளக்கப் பொருத்திப் பாக்கட்டுமான்னு கேட்டாரு, நான்தான் காலைல பாத்துக்கலாம், அலுப்பா இருக்கு, படுங்கன்னேன், அப்படின்னாங்க. இருவத்தாறு வருஷத்துல இத நான் கேக்குறது இதான் மொத தடவ. அது கட்டுவிரியன்மா, பாத்திருந்தாலும் தடம்கூட சரியாத் தெரிஞ்சிருக்காதுன்னு நான் என்னமோ சொன்னேன். அவங்க காதுல விழுந்துச்சான்னு தெரியல. ஸ்க்ரீன்ல பேரெல்லாம் ஓட ஆரம்பிச்சுது, நிறுத்தக் கை போகல.

கொஞ்ச நேரம் கழிச்சு என் கையப் புடிச்சு, அந்தச் சுட்டுவெரலத் தடவிக்கிட்டே சொன்னாங்க.

"நீ வந்து இமையத் தூக்கிப் பாப்பியே... அப்பல்லாம் நான் முழிச்சுக்கிட்டுதாய்யா கெடந்தேன்."